பாட்டு யாருடையது: ஒரு விக்கிப்பீடியா கட்டுரையை ரிவ்யூ பண்ணின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறேன். நடுவில் வரும் மழைச் சத்தத்தை எழுத வழி இல்லை.)

இந்த வாரம் சிதறாலில் எங்க வீட்டு மாடியிலிருந்து பேசுறேன். லீவுக்கு வந்த இடத்தில் ஒரு வேலை மாட்டிக்கிச்சு. என்னோட காலேஜில் படிச்ச நண்பன் ஒருத்தன் விக்கிப்பீடியாவில் எழுதுவான். ஒரு பாட்டைப் பற்றி தமிழில் பெரிய கட்டுரை எழுதி, மணல்தொட்டியில் வைத்திருந்தான். மணல்தொட்டி என்றால் ஒவ்வொரு பயனருக்கும் விக்கிப்பீடியா கொடுக்கிற எழுதிப் பார்க்கும் இடம். அங்கே எழுதுவது கட்டுரையாகக் கணக்கில் வராது. "மக்கா, நீ கோட் ரிவ்யூ பண்றவன்தானே, இதையும் ஒரு தடவை பாரு. பொதுவெளிக்குப் போகுமுன்னே அடி வாங்கிக்கிறேன்" என்றான்.

பாட்டு 'எஞ்சாயி எஞ்சாமி'. நான் அந்தப் பாட்டுக்கு ரசிகன். அதில் ஒரு பக்கம் சாய்ந்தவனும்கூட. இந்த ரெண்டும்தான் பின்னாடி எனக்குப் பிரச்சினை ஆச்சு.

முதல்ல, ரிவ்யூ என்றால் என்ன என்று சொல்லிடறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்குத் தனி ஏற்பாடே உண்டு. கட்டுரையை எழுதினவர் 'பாத்துச் சொல்லுங்க' என்று ஒரு பக்கத்தில் போடுவார். யாராவது வந்து வரி வரியாகக் குறை சொல்வார்கள். அதில் ஓட்டெடுப்போ பாஸ், ஃபெயிலோ கிடையாது. அதைத் தாண்டினால் 'நல்ல கட்டுரை' என்று ஒரு தரம் இருக்கு. அதற்கு ஆறு அளவுகோல்: எழுத்து தெளிவாக இருக்கணும், ஒவ்வொன்றுக்கும் சான்று இருக்கணும், முக்கியமானது எதுவும் விடுபடக்கூடாது, நடுநிலை வேணும், தினமும் அடிதடியாக மாறிக்கொண்டே இருக்கக்கூடாது, படங்கள் உரிமைப் பிரச்சினை இல்லாமல் இருக்கணும். தமிழில் எங்க ரெண்டு பேர் வேலைக்கும் இந்த ஆறையே பிடித்துக்கொண்டோம்.

டிராஃப்டை முதல் தடவை படித்தது மலைக்கோயிலுக்குப் போகிற கல்பாதையில் உட்கார்ந்து, மொபைலில். எழுத்து நல்லா இருந்தது. ஆபீசில் என்றால் 'எல்ஜிடிஎம்' என்று நாலு எழுத்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். ரெண்டாம் தடவை லேப்டாப்பில், ஒவ்வொரு மேற்கோளையும் தட்டித் தட்டிப் படித்தேன். அப்போதான் கதை மாறிச்சு.

பின்னணிப் பகுதியில் ஒரு வரி: 'அறிவின் பாட்டி வள்ளியம்மாள் ஒரு இலங்கைத் தமிழர்.' மேலோட்டமாகப் பார்த்தால் சரி மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டே இந்த வேறுபாட்டில்தான் நிற்குது. வள்ளியம்மாள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காலங்காலமாக வாழ்ந்து வந்த இலங்கைத் தமிழர் வேறு. தமிழ்நாட்டிலிருந்து வெள்ளைக்காரத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட மலையகத் தமிழர் வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை அவர்களில் பெரும்பாலோரைக் குடிமக்களாக ஏற்கவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் எடுத்துக்கொண்டது 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மனுஷங்களைப் பற்றித்தான் பேசுறோம், நெல் மூட்டையை இல்லை.

அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் டான்டீ தோட்டங்கள் வந்தன. எங்க மாவட்டத்திலும் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் அப்படி வந்த குடும்பங்கள் உண்டு. சிதறாலிலிருந்து பைக்கில் போய் வரக்கூடிய தூரம்தான். தோட்டத்தை உண்டாக்கினவனுக்குத் தோட்டத்தில் ஒரு அடி நிலம் கிடையாது என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. நண்பனும் இதே மாவட்டத்துக்காரன். அவனுக்கும் தெரியும். இருந்தும் எழுதும்போது கை தானாக 'இலங்கைத் தமிழர்' என்று போட்டுவிட்டது. அந்த ஒரு சொல்லைத் திருத்தி, ஒப்பந்தத்துக்கு ரெண்டு வரி சேர்க்கச் சொன்னேன். பாட்டைக் கேட்கிற வெளியூர்க்காரனுக்கு அந்த ரெண்டு வரி இல்லாமல் பாட்டே பாதிதான் புரியும்.

அடுத்து பார்வை எண்ணிக்கை. 'பல கோடிப் பேர் பார்த்து சாதனை படைத்தது' என்று எழுதியிருந்தான். என்ன சாதனை, யார் வைத்த சாதனையை உடைத்தது? 2021 மார்ச் 7-ல் மாஜா யூடியூப் சேனலில் வந்தது, பார்வைகள் 40 கோடியைத் தாண்டியது, இன்ன தேதி நிலவரப்படி என்று போட்டால் போதும். இதில் ரொம்ப நேரம் செலவழிக்கலை. பாட்டு வரிகளை முழுசாகப் போட்டிருந்தான், அதையும் எடுக்கச் சொன்னேன். விக்கிப்பீடியாவில் இருப்பதை யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடுதான் வைக்கிறார்கள். இன்னொருத்தர் உரிமையில் இருக்கிற பாட்டை அப்படித் தூக்கிக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

இப்போ சிக்கலான இடம். கட்டுரையின் ஓரத்தில் ஒரு தகவல் பெட்டி வரும் இல்லையா, அதில் 'இசை' என்று ஒரு கட்டம். அதில் நண்பன் 'அறிவு' என்று மட்டும் போட்டிருந்தான்.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்றேன். பாடினவர்கள் தீயும் அறிவும். வரிகள் அறிவு. வெளியீட்டில் இசையமைப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் பெயர் வந்தது சந்தோஷ் நாராயணனுக்கு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அறிவு இல்லை. 'நீயே ஒளி', 'எஞ்சாயி எஞ்சாமி' ரெண்டிலும் அறிவின் பங்கு இருந்தும் மறுபடியும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டார் என்று பா. ரஞ்சித் பொதுவெளியில் கேட்டார். டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸுக்கு நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் வந்த விளம்பரப் பலகையிலும் அறிவு இல்லை. அடுத்து 2022 ஜூலை 28, சென்னையில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் தீ இந்தப் பாட்டைப் பாடினார். அறிவு அப்போது அமெரிக்காவில். சில நாளில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: மெட்டும் வரியும் பாட்டும் தன்னுடையவை, யாரும் தனக்கு மெட்டு எடுத்துக் கொடுக்கவில்லை, கிட்டத்தட்ட ஆறு மாத உழைப்பு என்று. சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார்: இசையமைத்து, தயாரித்து, பதிவு செய்தது தான், மூவரும் சேர்ந்துதான் பாட்டு உருவானது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று. தீயும் தன் பங்குக்கு விளக்கம் எழுதினார்.

நண்பனின் டிராஃப்டில் இது எப்படி இருந்தது தெரியுமா? 'அறிவு திட்டமிட்டு மறைக்கப்பட்டார்.' கலைக்களஞ்சியமே நேரடியாகச் சொல்கிற மாதிரி. நான் எழுதின குறிப்பு: "இதைச் சொன்னது யார்? சொன்னவர் பெயரைப் போடு. 'பா. ரஞ்சித் இவ்வாறு விமர்சித்தார்' என்று எழுது." இதைத் தட்டச்சு பண்ணும்போது எனக்கே கசப்பாக இருந்தது. மனசில் நானும் அதையேதான் நினைக்கிறேன். ஆனால் 'திட்டமிட்டு' என்பது இன்னொருத்தர் மனசுக்குள் இருந்ததைப் பற்றிய சொல். அதற்கு நம்ம கையில் சான்று இல்லை. உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிச் சான்று இல்லாத குற்றச்சாட்டு இருந்தால் பேசித் தீர்க்கும்வரை காத்திருக்காதே, உடனே நீக்கு என்பது விக்கிப்பீடியா விதி.

அறிவின் பதிவில் இன்னொரு விஷயமும் இருக்கு. இது கூட்டு உழைப்பு என்பதை அவர் மறுக்கவே இல்லை. எல்லாரையும் சேர்க்கிற பாட்டுதான், ஆனால் அதனால் அது வள்ளியம்மாளின், நிலமில்லாத தன் மூதாதையரின் வரலாறு இல்லை என்று ஆகிடாது என்ற பொருளில் எழுதியிருந்தார். நண்பன் இந்தப் பகுதியை விட்டுவிட்டான். அறிவுக்கு ஆதரவாக எழுதுகிறோம் என்று நினைத்து, அறிவு நிதானமாகச் சொன்னதையே வெட்டிவிட்டோம்.

இதைவிட எனக்கு உறுத்தினது வேற ஒரு வரி. செஸ் ஒலிம்பியாட் பற்றி, 'அறிவுக்குப் பதில் ஒரு நாட்டுப்புறப் பாடகி மேடையேற்றப்பட்டார்' என்று இருந்தது. அந்த 'ஒரு நாட்டுப்புறப் பாடகி' கிடாக்குழி மாரியம்மாள். 'கர்ணன்' படத்தில் 'கண்டா வரச் சொல்லுங்க' பாடினவர். அந்தக் குரலைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் குறைவு. ஒருத்தர் பெயர் மறைக்கப்பட்டதைப் பற்றி எழுதுகிற பத்தியிலேயே இன்னொருத்தர் பெயரை நாம மறைத்துவிட்டோம். நான் கமென்ட்டில் 'பெயர்?' என்று மட்டும் போட்டேன். அவன் பத்து நிமிஷம் கழித்து, "சே" என்று பதில் போட்டான்.

சரி, அந்த 'இசை' கட்டத்துக்கு வருவோம். அறிவின் பதிவை வைத்து அங்கே அறிவு என்று போட முடியுமா? முடியாது. சமூக வலைதளப் பதிவை, எழுதினவர் தன்னைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். இன்னொருத்தர் உரிமையைத் தொடுகிற இடத்தில் அது 'அறிவு இப்படிச் சொன்னார்' என்பதற்குத்தான் சான்று, 'அப்படித்தான் நடந்தது' என்பதற்கு இல்லை. சந்தோஷ் நாராயணன் பதிவுக்கும் இதே அளவுகோல்தான். ரெண்டையும் செய்தித்தாள்கள் எப்படி எழுதினவோ, அதன் வழியாகத்தான் எடுக்கணும். அப்போ கட்டத்தில் என்ன போடுவது? பாட்டு வெளிவந்தபோது அதிகாரபூர்வமாகக் கொடுத்த பெயர்ப்பட்டியல். அதன்படி இசை சந்தோஷ் நாராயணன், வரிகள் அறிவு.

விதிப்படி இதுதான் சரி. ஆனால் யோசிச்சுப் பாருங்க. பெயர்ப்பட்டியலைப் பற்றித்தானே சண்டையே? பட்டியல் சரியில்லை என்று ஒருத்தர் சொல்கிறார், நாம போய் அந்தப் பட்டியலையே சான்றாகக் காட்டுகிறோம். வாயால் பாடி, காதால் கேட்டு வளர்கிற ஒப்பாரி மாதிரியான மரபிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த விதி எப்பவுமே கொஞ்சம் எதிராகத்தான் வேலை செய்யும். எழுதி வைத்தவன் பக்கம் அது சாயும்.

அன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் மலைக்கோயிலுக்குப் போனேன். திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். 9-ஆம் நூற்றாண்டுச் சமணத் தலம். பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கீழே வட்டெழுத்து. அச்சணந்தி போன்ற துறவிகளின் பெயர் அதில் இருக்கு. பொன் நகை கொடுத்த குணந்தாங்கி குறத்திகள் என்ற பெண் துறவியின் பெயரும் கல்வெட்டில் இருக்கு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்போடு. உளி பிடித்தவன் பெயரைச் சின்ன வயசிலிருந்தே நான் தேடுவேன். இப்பவும் கிடைக்கலை. என்னிடம் யாராவது இந்தச் சிற்பத்துக்குத் தகவல் பெட்டி போடச் சொன்னால், கல்வெட்டில் இருக்கிற பெயரைத்தான் போடுவேன். வேற வழி?

கடைசியில் நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டது இது. கட்டத்தில் வெளியீட்டுப் பட்டியல்படி பெயர்கள். அதன் பக்கத்திலேயே ஒரு குறிப்பு, அதைத் தட்டினால் உரிமை பற்றிய பகுதிக்குப் போகும். கட்டுரையின் முதல் பத்தியிலேயே, இசை யாருடையது என்பதில் கலைஞர்கள் வேறுபட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று ஒரு வரி. பெரும்பாலானவர்கள் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்க மாட்டார்கள். கூகுள் தேடலில் எடுத்துக் காட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான். சர்ச்சையை அடியில் எட்டாவது பகுதியில் வைத்தால் அதுவும் ஒரு சாய்வுதான்.

இப்போ என் பிரச்சினை.

வருமானம் பற்றிய பத்தியில் ஒரு வரி: 'பாட்டு ஈட்டிய பணத்தில் அறிவுக்கு எதுவும் தரப்படவில்லை, மற்றவர்கள் எடுத்துக்கொண்டனர்.' மேற்கோள் எண் 14. தட்டினேன். இந்த இணையதளம் திறந்தது. என்னுடைய 2022 ஆகஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம், என் சொற்கள் அப்படியே.

நண்பனுக்குப் போன் அடித்தேன். "இது எங்கிருந்துலே எடுத்த?"

"நீதானலே சொன்ன? தேதியோட உன் சைட்டுல எழுதியிருக்கு."

எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தேன். யாரோ ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ணின ஒரு படம். கோபத்தில் இருந்தேன், நம்பினேன், மைக் முன்னாடி சொன்னேன். அந்தப் படத்தைப் போட்டவருக்கு எங்கிருந்து கிடைத்ததோ. இப்போ அது கலைக்களஞ்சியத்தில் ஏறப் போகுது. ஏறினால் நாளைக்கு ஒரு நிருபர் அதைப் பார்த்து எழுதுவார், பிறகு அந்தச் செய்தியையே விக்கிப்பீடியாவில் சான்றாக வைப்பார்கள். வட்டம் மூடிடும். இதற்கு ரேண்டல் மன்ரோ 2011-ல் அவருடைய எக்ஸ்கேசிடி கார்ட்டூனில் 'சைட்டோஜெனிசிஸ்' என்று பெயர் வைத்தார். மேற்கோளிலிருந்து உண்மை பிறப்பது என்று வைத்துக்கொள்ளலாம். 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர் கோவாட்டி என்ற விலங்கின் கட்டுரையில், இதற்கு 'பிரேசிலின் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். சில வருஷத்தில் அந்தப் பெயர் செய்தித்தாள்களிலும் புத்தகத்திலும் வந்துவிட்டது. அது ஒரு விலங்கின் பெயர், யாருக்கும் காயம் இல்லை. என்னுடையது மூணு மனுஷங்க மேல்.

2024 மார்ச்சில், பாட்டு வந்து 3 வருஷம் ஆன சமயத்தில், சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் பேசினார். இந்தப் பாட்டிலிருந்து அதுவரை தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை, ஏ.ஆர். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்று. மாஜாவோடு தொடங்கும்போது முகமாக இருந்தவரே ரஹ்மான்தான். நண்பன் இதையும் சேர்த்திருந்தான், ஆனால் இப்படி: '2022-ல் சம பங்கு என்றார், 2024-ல் வருமானமே இல்லை என்றார், எனவே முன்பு சொன்னது பொய்.' ரெண்டு சான்றைக் கூட்டி, ரெண்டிலும் இல்லாத மூணாவதை எழுதக்கூடாது. கணக்குப்படியும் தப்பு. பூஜ்யத்தை மூணாகச் சமமாகப் பிரித்தாலும் ஆளுக்குப் பூஜ்யம்தான். ரெண்டு கூற்றையும் தேதியோடு தனித்தனியாக வை, நிறுவனத்தின் தரப்பையும் தேடி அதே பத்தியில் வை என்று எழுதினேன். மேற்கோள் 14-ஐயும் அது தாங்கி நின்ற வரியையும் முழுசாக நீக்கச் சொன்னேன். காரணம் என்று கேட்கிற இடத்தில் 'சான்று நம்பகமானது இல்லை' என்று என் சைட்டைப் பற்றி நானே எழுதினேன்.

நண்பன் சிரித்தான். "வேணும்னா உன் மற்ற எபிசோடுகளையும் செக் பண்ணட்டா?" என்றான். சிரிப்பாகத்தான் கேட்டான், நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன். இதுவரைக்கும் பதினோரு எபிசோடு பார்த்திருக்கேன். ரெண்டில் எண்கள் தப்பு, ஒன்றில் ஒரு பாடகரின் ஊர் தப்பு.

2022 ஆகஸ்ட் எபிசோடின் ஆடியோவை அப்படியே விட்டிருக்கேன், சொன்னது சொன்னதுதான். எழுத்து வடிவத்தில் மட்டும் அந்த வரிக்கு மேலே, இதற்கு என்னிடம் சான்று இருக்கவில்லை என்று தேதியோடு குறிப்பு போட்டிருக்கேன். நண்பனின் கட்டுரை இன்னும் மணல்தொட்டியில்தான் இருக்கு. மாரியம்மாள் பற்றிய வரிக்குச் சரியான செய்தி மேற்கோள் ஒன்று தேடிக்கொண்டிருக்கான். உங்களில் யாருக்காவது 2022 ஜூலை, ஆகஸ்ட் மாத அச்சு நாளிதழ்கள் வீட்டில் கிடந்தால், அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து எந்தப் பதிப்பு, எத்தனாவது பக்கம் என்று குறித்து அனுப்புங்க. மழை பெரிசாகுது. கரண்ட் போறதுக்குள்ள நிறுத்திக்கிறேன்.